பழைய டாலர் ரேட்டைப் படிப்பது எப்படி? செவ்வாய்ப்பேட்டை வெள்ளியும் ஏற்காட்டுக் காப்பியும்

2011 ஏப்ரல் கடைசியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலரை நெருங்கியது. பிறகு இறங்கிப் போய், பதினான்கு வருடம் கழித்து 2025 அக்டோபரில்தான் மறுபடி 50 டாலருக்கு வந்தது, தாண்டியும் போனது. டாலரில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரிடம் போய் "ஒரே விலைதானே?" என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். கிலோவுக்கு இரண்டு மடங்கு பணம் போட்டவர் அவர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கு உலகச் சந்தை பயன்படுத்தும் அவுன்ஸ் 31.1 கிராம். ஒரு கிலோவில் 32.15 அவுன்ஸ். அவுன்ஸ் 50 டாலர் என்றால் கிலோ சுமார் 1,607 டாலர். 2011 ஏப்ரல் கடைசியில் ஒரு டாலர் 44 ரூபாய் 50 காசை ஒட்டி இருந்தது. ஆக, வரிகள் சேர்க்காமல் கிலோ ஏறக்குறைய 71,500 ரூபாய். 2025 அக்டோபரில் டாலர் 88 ரூபாய் 50 காசைச் சுற்றி. அதே 1,607 டாலர் அப்போது 1,42,000 ரூபாய்க்கு மேல். இந்த இரட்டிப்பில் வெள்ளிக்குப் பங்கே இல்லை. ஏறியது முழுக்க டாலரின் ரூபாய் விலைதான்.

ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுப் பணத்தால் வாங்கும் விலைதான் மாற்று விகிதம். அதன் பழைய கணக்கு பலருக்கு வேண்டியிருக்கிறது. பாட்டனார் காலத்து எஸ்டேட் கணக்கைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், வெளிநாட்டுப் பங்கை விற்று வரி கட்ட வேண்டியவர், துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தை வருடவாரியாகக் கூட்டிப் பார்க்கிறவர், தேர்வுக்குப் படிக்கும் பி.காம். மாணவர், எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்த வருஷம் டாலர் என்ன ரேட்?"

அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. எந்த நாள், எந்த வகை ரேட், அந்தக் காலத்தில் ரேட்டை முடிவு செய்தது யார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் கிடைக்கிற எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

ஒரே நாளில் பல ரேட்

சீசனில் "சேலத்து மாம்பழம் கிலோ என்ன விலை?" என்று கேட்டால், மல்கோவாவா பெங்களூராவா, மண்டியிலா சில்லறையிலா என்று திருப்பிக் கேட்பார்கள். டாலருக்கும் அப்படித்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஸ்டேட் பாங்க் வேலை நாட்களில் வெளியிடும் ரேட் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அமெரிக்க டாலர் என்ற ஒரே வரிக்கு எதிரே வரிசையாகப் பல எண்கள் இருக்கும். கணக்குக்குக் கணக்கு போகும் பணத்துக்கு டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் பையிங், செல்லிங். ஏற்றுமதி இறக்குமதி பில்லுக்குத் தனி பையிங், செல்லிங். டிராவல் கார்டுக்கு வேறு. கையில் வாங்கும் கரன்சி நோட்டுக்கு வேறு. எல்லாம் ஒரே நாள், ஒரே வங்கி. நோட்டு வரிசையில்தான் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். நோட்டைக் கொண்டுவந்து, பாதுகாத்து, சில்லறையாகக் கொடுக்கும் செலவு அதில் சேர்ந்திருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பையிங், செல்லிங் இரண்டும் வங்கியின் பக்கத்திலிருந்து சொல்லப்படுபவை. உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து டாலர் வந்தால் வங்கி அதை உங்களிடமிருந்து வாங்குகிறது, அதனால் பையிங். மகள் படிப்புக்கு நீங்கள் டாலர் அனுப்பினால் வங்கி உங்களுக்கு விற்கிறது, அதனால் செல்லிங். எப்போதும் செல்லிங்தான் கூடுதல்.

இவற்றோடு சந்தை ரேட் ஒன்று இருக்கிறது. வங்கிகள் தங்களுக்குள் பெரிய தொகைகளில் டாலரை வாங்கி விற்கும் விலை அது, நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அந்த ஓட்டத்தைப் பார்த்து நாளுக்கு ஒரு எண்ணாக வெளியிடப்படுவது ரெஃபரன்ஸ் ரேட். முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். எனப்படும் ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் வெளியிடுகிறது. செய்திகளிலும் புள்ளிவிவரங்களிலும் நாம் பார்க்கும் பழைய ரேட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். இந்த ரேட்டில் உங்களுக்கோ எனக்கோ எந்த கவுண்டரிலும் டாலர் தரமாட்டார்கள். அளந்து பார்ப்பதற்கான எண் அது.

நாளா, சராசரியா?

இதற்கு 2013-14 நிதியாண்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2013 மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. மே மாதக் கடைசியில், பத்திரங்களை வாங்கிச் சந்தையில் பணம் இறக்குவதைக் குறைக்கப்போவதாக அமெரிக்க மத்திய வங்கி கோடிகாட்டியது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். ஏற்கெனவே எண்ணெய்க்கும் தங்கத்துக்கும் நாம் வெளியே கொடுத்த டாலர், உள்ளே வந்ததைவிட மிக அதிகம். ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் சரிந்த வேகம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அன்று ரிசர்வ் வங்கியின் ரெஃபரன்ஸ் ரேட் 68.36. சந்தையில் வர்த்தகத்தின் நடுவே 68.85 வரை போனது. ஆக, அந்த ஒரு நாளுக்கே இரண்டு எண்கள், இரண்டும் சரி.

இப்போது அதே நிதியாண்டின் சராசரியைப் பாருங்கள்: 60.50. ஆண்டு முடிவான 2014 மார்ச் 31 அன்று 60.10. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆகஸ்ட் மாதம் நடந்ததாகவே தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு 10,000 டாலர் அனுப்பிய குடும்பத்துக்கு, மே தொடக்கத்தில் அனுப்பியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல். அவர்களிடம் போய் "அந்த வருஷம் டாலர் 60 ரூபாய்தான்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட நாளில் கை மாறிய பணத்துக்கு அந்த நாளின் ரேட். வருடம் முழுக்கச் சிறுகச் சிறுக வந்து போன பணத்துக்கு ஆண்டுச் சராசரி. வருடக் கடைசியில் மிச்சமிருக்கும் கடனுக்கோ டெபாசிட்டுக்கோ ஆண்டு முடிவு ரேட். வருமான வரிக்கு மட்டும் நம் விருப்பப்படி எடுக்க முடியாது. வெளிநாட்டுப் பங்கை விற்ற மூலதன ஆதாயத்துக்கு, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் பாங்க் அறிவித்த டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் பையிங் ரேட்டை எடுக்கச் சொல்கின்றன விதிகள். கூகுளில் தேடி வரும் எண்ணை அந்தப் படிவத்தில் எழுதக் கூடாது.

ரேட்டை யார் முடிவு செய்தார்கள்?

இன்று ரேட் நொடிக்கு நொடி ஆடுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். பழைய கணக்கைத் திறந்தால் வருடக்கணக்கில் ஒரே எண் நிற்கும், திடீரென்று ஒரே இரவில் தாவும். காரணம், அப்போது ரேட்டைச் சந்தை முடிவு செய்யவில்லை.

இன்னும் பின்னால் போனால் சேலத்து வெள்ளிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும் காலம் ஒன்று வருகிறது. 1835 சட்டத்தின்படி ஒரு ரூபாய் நாணயம் 180 கிரெய்ன் (பழைய ஆங்கில எடை அளவு) எடை, அதில் 12-ல் 11 பங்கு சுத்த வெள்ளி. நாணயச்சாலைக்கு வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ரூபாயாக அடித்துத் தருவார்கள். பிரிட்டன் பவுண்டு தங்கத்தில், நம் ரூபாய் வெள்ளியில். ஆக, பவுண்டுக்கு எத்தனை ரூபாய் என்பது தங்கத்துக்கு எத்தனை வெள்ளி என்பதுதான். 1870களில் ஜெர்மனி போன்ற நாடுகள் வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறின, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளியும் குவிந்தது. வெள்ளி விழுந்தது, ரூபாயும் கூடவே விழுந்தது. 1870களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 10 ரூபாய். 1894-95-ல் 18 ரூபாய்க்கு மேல்.

இது ஏற்காட்டையும் தொட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு மலை முழுக்க எஸ்டேட்டுகள் வந்தன. இலண்டனுக்குப் போன காப்பிக்குப் பவுண்டில் விலை, தோட்டத்தில் கூலி ரூபாயில். ரூபாய் விழும் காலத்தில், பவுண்டில் விலை அப்படியே நின்றாலும் ஏற்றுமதி செய்தவருக்கு ரூபாயில் கூடுதலாக வந்தது. கூலி வாங்கியவருக்கு அந்தக் கூடுதல் தானாகப் போய்ச் சேராது. மாற்று விகிதத்தைப் படிக்கும்போது ஒரு பக்கத்து லாபத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1893-ல் நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி அடிப்பதை நிறுத்தின. கொஞ்ச வருடத்தில் ஒரு பவுண்டு 15 ரூபாய் என்று நிலைநிறுத்தினார்கள். 1927-ல் அது 13 ரூபாய் 5 அணா 4 பை ஆனது. பழைய பேரேடுகளில் இதை 13-5-4 என்று எழுதியிருப்பார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று பிரித்தால் இது சரியாகப் பதின்மூன்றே மூன்றில் ஒரு பங்கு. 1957 ஏப்ரலில் நூறு காசுக் கணக்கு வருவதற்கு முந்தைய எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இதை மனதில் வையுங்கள். 13-5-4-ஐ 13.54 என்று கணினியில் ஏற்றினால் எல்லாம் கெட்டுப்போகும்.

இங்கே ஒரு வதந்தியை நிறுத்தியாக வேண்டும். "சுதந்திரம் வாங்கியபோது ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமம்" என்று ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் வாட்ஸப்பில் வருகிறது. அது உண்மையில்லை. 1947-ல் ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. பவுண்டு 13 ரூபாய் 33 காசு, ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் டாலர் 3 ரூபாய் 31 காசு. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலராகக் குறைத்தது, ரூபாயும் கூடவே இறங்கியது. டாலர் 4.76 ஆனது. 1966 வரை அதே 4.76 நின்றது.

1966 ஜூன் 6-ல் அது 7.50 ஆனது. சீனப் போர், பாகிஸ்தான் போர், 1965-ன் வறட்சி, நின்றுபோன வெளிநாட்டு உதவி என்று வரிசையாக வந்த அடிகளுக்குப் பிறகு நடந்தது இது. இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு புத்தகத்தில் 36.5 சதவீதம் குறைந்தது என்றும், இன்னொன்றில் 57.5 சதவீதம் ஏறியது என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நிகழ்வு. டாலரின் விலை 4.76-லிருந்து 7.50-க்கு ஏறியது 57.5 சதவீதம். ரூபாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், முன்பு ஒரு ரூபாய்க்கு 21 சென்ட் கிடைத்தது, பிறகு 13.3 சென்ட்தான். அந்தக் குறைவு 36.5 சதவீதம். சதவீதம் எழுதும்போது எந்தப் பணத்தின் பக்கத்திலிருந்து என்று சொல்லாவிட்டால் படிப்பவர் குழம்புவார்.

மறு வருடமே இன்னொரு பாடம். 1967 நவம்பரில் பவுண்டு 2.40 டாலராகக் குறைக்கப்பட்டபோது இந்தியா கூடச் செல்லவில்லை. 21 ரூபாயாக இருந்த பவுண்டு 18 ரூபாயானது. ஒன்றரை வருடத்துக்குள் டாலருக்கு எதிரே இறங்கிய ரூபாய் பவுண்டுக்கு எதிரே ஏறியது. வெறுமனே "ரூபாய் விழுந்தது" என்று சொன்னால் போதாது, எதற்கு எதிரே என்றும் சொல்ல வேண்டும்.

1975-ல் ஒரே நாணயத்தோடு கட்டுவதை விட்டு, பல நாணயங்களின் தொகுப்போடு ரூபாயைப் பிணைத்தார்கள். 1991-ல் வளைகுடாப் போரும் எண்ணெய் விலையும் சேர்ந்து அழுத்த, சில வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது. தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு படிகளாக ரூபாய் குறைக்கப்பட்டு டாலர் 21-லிருந்து 26 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. 1992 மார்ச் முதல் ஒரு வருடம் அரசு ரேட், சந்தை ரேட் என்று இரண்டு ரேட்டுகள் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருந்தன. ஏற்றுமதியாளர் கொண்டுவந்த டாலரில் 40 சதவீதத்துக்கு அரசு ரேட், மீதி 60-க்குச் சந்தை ரேட். 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாகி, ரேட் சந்தையின் கைக்கு வந்தது.

அதனால் 1993-க்கு முந்தைய அதிகாரபூர்வ ரேட்டைப் பார்த்து "அப்போது டாலர் எவ்வளவு மலிவு" என்று பெருமூச்சு விட வேண்டாம். அந்த விலையில் நினைத்தவரெல்லாம் டாலர் வாங்க முடியாது. அனுமதி வேண்டும், லைசென்ஸ் வேண்டும்.

காப்பியில் ஒரு கணக்கு

அராபிகா காப்பிக்கு உலக விலை நியூயார்க்கில், ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட் என்று முடிவாகிறது. கிலோவுக்கு மாற்ற 2.2046-ஆல் பெருக்க வேண்டும், ரூபாய்க்கு மாற்ற அன்றைய டாலர் ரேட்டால் பெருக்க வேண்டும். ஏற்காட்டில் பார்ச்மென்ட் (உமி நீக்காத காப்பிக்கொட்டை) மூட்டை விற்பவரின் கைக்கு வருவது இதைவிடக் குறைவு. தரம், உமி நீக்கும் செலவு, வியாபாரியின் பங்கு எல்லாம் நடுவே கழியும். ஆனாலும் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் இந்தக் கணக்கைப் பின்பற்றித்தான்.

2011 மே தொடக்கத்தில் விலை 300 சென்ட்டை ஒட்டி இருந்தது. டாலர் 44.50 என்று வைத்தால் கிலோ சுமார் 294 ரூபாய். 2019 ஏப்ரலில் 90 சென்ட்டை ஒட்டி விழுந்தது. டாலரில் இது 70 சதவீத வீழ்ச்சி. ஆனால் டாலர் அப்போது 69.50 அருகே. கணக்குப் போட்டால் கிலோ சுமார் 138 ரூபாய், அதாவது ரூபாயில் 53 சதவீத வீழ்ச்சி. டாலர் ரேட் மாறாமல் 44.50-லேயே நின்றிருந்தால் 88 ரூபாய்தான் வந்திருக்கும். நடுவில் உள்ள 50 ரூபாய் ரூபாயின் சரிவு கொடுத்தது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்குபவரின் பையிலிருந்து எடுத்த அதே சரிவுதான், முப்பது கிலோமீட்டர் மேலே காப்பிக்காரரின் வீழ்ச்சியைத் தாங்கிப் பிடித்தது. அதே சமயம் காப்பிக்காரர் வாங்கும் உரத்தின் விலையிலும் டீசல் விலையிலும் டாலர் இருக்கிறது. அந்த 50 ரூபாய் முழுக்க அவரிடமே தங்கியது என்று சொல்ல மாட்டேன்.

இதே கணக்கை 1977-க்குப் போட்டுப் பார்க்கலாம். பிரேசிலில் 1975 ஜூலையில் அடித்த பனியால் விலை 3 டாலரைத் தாண்டிய வருடம் அது. டாலர் 9 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் கிலோ 58 ரூபாய் என்று வரும். கணக்கு சரி, ஆனால் அந்தக் காலத்தில் விவசாயி காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் கொடுக்க வேண்டும், பணமும் வாரியத்திடமிருந்துதான் வரும். உலக விலை அன்றன்றைக்கு அவர் கைக்கு வராது. பெருக்கி எடுத்த எண்ணை "அன்று விவசாயி வாங்கிய விலை" என்று எழுதிவிடக் கூடாது.

டாலர் வழியாக மற்ற நாணயங்கள்

துபாயில் வேலை பார்ப்பவர் வீட்டுக் கணக்கு இதில் சுலபம். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாக இருக்கிறது. ஆக, எந்த நாளின் டாலர் ரேட்டையும் 3.6725-ஆல் வகுத்தால் அன்றைய திர்ஹாம் கிடைத்துவிடும். 2013 ஆகஸ்ட் 28-க்கு 68.36-ஐ வகுத்தால் 18 ரூபாய் 61 காசு. சவூதி ரியால் 3.75-ல் நிற்கிறது, அதையும் இப்படியே போடலாம். சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் இப்படி நிலையாக நிற்பதில்லை, அவற்றுக்கு அந்தந்த நாளின் இரண்டு ரேட்டுகளும் வேண்டும்.

வளைகுடா நாடுகளில் ஒரு காலத்தில் நம் ரூபாயே ஓடியது என்பது பலருக்குத் தெரியாது. 1959-ல் அவர்களுக்கென்று தனியாக வளைகுடா ரூபாய் அடித்துக் கொடுத்தது ரிசர்வ் வங்கி. 1961-ல் குவைத் தினாருக்கு மாறியபோது ஒரு தினாருக்கு வைத்த விலை பதின்மூன்றே மூன்றில் ஒரு பங்கு ரூபாய், அதாவது பழைய 13-5-4. 1966-ல் இந்தியா ரூபாயைக் குறைத்ததும் மற்றவர்களில் பலரும் விலகிப்போனார்கள்.

எங்கே தேடுவது, எப்படி எழுதி வைப்பது

ஆண்டுச் சராசரிக்கும் ஆண்டு முடிவு ரேட்டுக்கும் ரிசர்வ் வங்கியின் ஆண்டுப் புள்ளிவிவரக் கையேடு போதும், இணையத்தில் இலவசம். நாள்வாரி ரெஃபரன்ஸ் ரேட்டுக்கு ரிசர்வ் வங்கி, எஃப்.பி.ஐ.எல். தளங்கள். 1973-லிருந்து நாள்வாரி ரூபாய்–டாலர் எண்களை அமெரிக்க மத்திய வங்கியும் வைத்திருக்கிறது.

நீண்ட காலத்தை ஒப்பிடும்போது ரேட் மட்டும் போதாது. 1947-ல் 3.31, 2025 டிசம்பரில் 90-க்கு மேல் என்று இரண்டு எண்ணை மட்டும் வைத்து நாடு முன்னேறியதா பின்தங்கியதா என்று வாதிட முடியாது. இரண்டு நாட்டிலும் விலைவாசி ஏறியிருக்கிறது, நம்முடையது கூடுதலாக ஏறியிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க, 40 நாணயங்களுக்கு எதிரே ரூபாயின் உண்மை மதிப்புக் குறியீட்டை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. ஆரம்பத்தில் அது கொஞ்சம் கடினமாக இருக்கும், மேலே சொன்னவை பழகியபின் எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் தேடும் நாள் ஞாயிறாகவோ வங்கி விடுமுறையாகவோ இருந்தால் எண் இருக்காது. அதற்கு முந்தைய வேலை நாளின் ரேட்டை எடுப்பது வழக்கம். எடுத்ததும் எண்ணை மட்டும் தனியாகக் குறிக்காதீர்கள். "1 அமெரிக்க டாலர் = 68.36 ரூபாய், 28-8-2013, ரெஃபரன்ஸ் ரேட், ரிசர்வ் வங்கி" என்று முழுசாக எழுதுங்கள். விடுமுறையால் முந்தைய நாள் ரேட்டை எடுத்திருந்தால் அதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆடிட்டரோ, பாகப்பிரிவினையில் கணக்குக் கேட்கும் பங்காளியோ பிறகு சரிபார்க்க உட்கார்ந்தால் அந்த வரிதான் முதலில் தேவைப்படும்.